தெரியுது மிஸ்

எனக்கு வாய் அதிகம். ரொம்ப நாள் வரைக்கும் இதைப் பெருமையாகவே வைத்திருந்தேன். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு பிள்ளை மேல் கை வைத்ததில்லை. தேவைப்பட்டதில்லை. எந்தப் பிள்ளையிடம் எதைச் சொன்னால் ஒரு வாரத்துக்குத் தலை தூக்காது என்று எனக்குத் தெரியும். குண்டாக இருப்பவனுக்கு ஒன்று, திக்கிப் பேசுபவனுக்கு ஒன்று, அக்காவின் பழைய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வருபவளுக்கு ஒன்று. நான் சொன்னதும் வகுப்பு சிரிக்கும். சிரிக்கிறவர்கள் எல்லாம் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்தது தங்கள் முறையாகிவிடக் கூடாதே என்றுதான் சிரித்தார்கள் என்பது எனக்கு ரொம்ப லேட்டாக உறைத்தது.

எங்கள் பள்ளியில் மைக்ராஸ்கோப் ஒன்றுதான். அங்கீகாரத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வந்த காலத்தில் வாங்கியது. ஒரு மரப்பெட்டிக்குள், பிரின்ஸ்பல் அறை பீரோவில் பூட்டி இருக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பின் வெங்காயத் தோல் வகுப்புக்காக வெளியே வரும். கல்யாணப் பெண்ணை அழைத்து வருவதுபோல அதை மாடிக்குக் கொண்டுவருவோம்.

அந்த வகுப்பு நடக்கும் விதம் இதுதான். பெரிய வெங்காயத்தை நாலாக வெட்டி, ஒரு இதழை எடுத்து ஒடித்தால் உள்பக்கத்திலிருந்து கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய தோல் பிரிந்து வரும். அதைச் சிவப்புச் சாயத்தில் முக்கி, ஸ்லைடில் பரப்பி, மேலே சின்னக் கண்ணாடித் துண்டால் மூடிவிட்டால் வேலை முடிந்தது. மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்து, அடியில் இருக்கும் வட்டக் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பிவிடுவேன். பிள்ளைகள் வரிசையில் வருவார்கள். ஆளுக்குப் பத்து நொடி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணைக் குழாயில் வைக்க வேண்டும்.

"தெரியுதா?" என்பேன்.

"தெரியுது மிஸ்."

அவ்வளவுதான், அடுத்த பிள்ளை. பார்த்துவிட்டுப் போனவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, போர்டில் நான் போட்டுவைத்திருக்கும் படத்தைப் பார்த்து ரெக்கார்ட் நோட்டில் வரைவார்கள். செங்கல் அடுக்கின சுவர் மாதிரி நீள நீளக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளி. கட்டத்துக்குச் செல் சுவர் என்று அம்புக்குறி, புள்ளிக்கு நியூக்ளியஸ் என்று அம்புக்குறி. பத்துக்குப் பத்து.

எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. முதல் மூன்று நாலு வருஷம், பிள்ளைகள் வருவதற்கு முன்னால் நானே பார்த்து, திருகைத் திருகி, எல்லாம் தெளிவாகத் தெரியும்படி வைப்பேன். அப்புறம் விட்டுவிட்டேன். ஒரு வருஷம் அவசரத்தில் பார்க்காமல் விட்டேன், எல்லாப் பிள்ளைகளும் தெரியுது என்றார்கள். அடுத்த வருஷமும் பார்க்கவில்லை, தெரியுது என்றார்கள். அதற்குப் பிறகு நான் அந்தக் குழாய்க்குள் கண்ணை வைத்ததே இல்லை. யாரும் தெரியவில்லை என்று சொல்லாத இடத்தில் நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

எங்கள் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் பெண்களை, வயது என்னவாக இருந்தாலும், ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவோம். மாடிக்கு ஒருத்தி, கீழ்த்தளத்துக்கு ஒருத்தி. மாடி ஆயாம்மாவுக்கு என்னைவிட நாலு வயதாவது குறைவாக இருக்கும். பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டிலிருந்து நடந்து வருவாள். புருஷன் இல்லை. அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்ததே மகளுக்காகத்தான். வேலை செய்பவர்களின் பிள்ளைக்கு ஃபீஸ் கிடையாது. மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே எங்கள் பள்ளி. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள்.

அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்காது. இதை மழுப்பிச் சொல்வதில் அர்த்தமில்லை. கெட்ட பெண் இல்லை, சத்தம் போடுகிறவள் இல்லை. கேள்வி கேட்பாள். வெங்காயம் வெட்டும்போது கண் எரிகிறதே, அந்தத் தண்ணீர் செல்லுக்குள்ளே இருக்கிறதா, வெளியிலே இருக்கிறதா என்று ஒரு நாள் எழுந்து நின்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "அதைத் தெரிஞ்சிகிட்டு நீ ஓட்டல் வைக்கப் போறியா?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோடு எழுந்தாள். அந்த மாதிரிப் பிள்ளைகள் நமக்குப் பதில் தெரியாத இடமாகப் பார்த்து நிற்பார்கள்.

ஜூலையிலேயே அவள் அம்மா வராந்தாவில் மாப்பு போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"மிஸ், அந்த மிசினு எப்ப மிஸ் எடுப்பீங்க? எம் பொண்ணு வூட்ல வெங்காயத்தோலை உரிச்சி உரிச்சி டியூப்லைட்டாண்ட காட்டிகினே கீது. சமைக்கறதுக்கு வெங்காயம் வெக்க மாட்டேங்குது மிஸ்."

"பூஜை லீவு முடிஞ்சதும் எடுப்போம் ஆயாம்மா."

"நீங்கதான் மிஸ் அதைப் பாத்துக்கணும்" என்றாள். அவள் கேட்டது மைக்ராஸ்கோப் விஷயம் மட்டும் இல்லை. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு என்றால் என்ன என்று பெருக்குகிறவளுக்கும் தெரியும்.

அதையும் சொல்லிவிடுகிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கள் பள்ளியின் ஃப்ளெக்ஸ் பேனர் வருஷா வருஷம் நிற்கும். பத்தாம் வகுப்பில் எல்லோரும் பாஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எல்லோரும் பாஸ் ஆவதற்கு ஒரே வழி, ஆகமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதாவது முடிந்ததும் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது. அனுப்பினோம் என்று எங்கும் இருக்காது. 'சொந்தக் காரணங்களுக்காக என் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்' என்று பெற்றோரே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எழுத வைப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு ஏப்ரலிலும் நாலு பேர், ஐந்து பேர். ஆயாம்மாவின் மகள் கணக்கில் வீக். அந்த வருஷம் அவள் விளிம்பில்தான் இருந்தாள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் பள்ளி அமர்க்களப்படும். பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட்டின் குடும்பம் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். பள்ளி நிற்கிற இடமே அவர்கள் நெல் போட்ட நிலம். அவர் தாத்தா ஏருக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்தார், இவர் பஸ்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் வைக்கிறார். ஒரு பொருள் விடுபடக் கூடாது. மணி, தண்ணீர் மோட்டார், ஜெராக்ஸ் மெஷின், பீரோ, துடைப்பம், எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். வைப்பது ஆயாம்மாக்கள். பூஜை முடிந்து பொரி வாங்கிக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம்.

லீவு முடிந்த வாரம் வெங்காய வகுப்பு வந்தது. தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து வெங்காயம் வாங்கிக்கொண்டு போனேன். மாடி ஆயாம்மா பெட்டியைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தாள். பெட்டியின் நெற்றியில் பொட்டு காய்ந்து இருந்தது. நான் மைக்ராஸ்கோப்பை எடுத்து ஜன்னலோரம் வைத்து, ஸ்லைடை வைத்து, வழக்கமான அளவுக்குக் குழாயை இறக்கிவிட்டு, போர்டில் செங்கல் சுவரை வரையத் தொடங்கினேன்.

முதல் ரேங்க் வாங்கும் பையன்தான் முதலில் வந்தான். கண்ணை வைத்தான். கொஞ்சம் தயங்கினான்.

"தெரியுதா?"

"தெரியுது மிஸ். நியூக்ளியஸ்கூடத் தெரியுது மிஸ்."

"பாத்தீங்களா, இப்படிச் சொல்லணும்" என்றேன் வகுப்பைப் பார்த்து. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் நியூக்ளியஸ் தெரிந்தது. இருபது பேருக்கு மேல் வந்து போய்விட்டார்கள். அப்புறம் அவள் வந்தாள்.

தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். பத்து நொடி ஆனது. தலையை எடுக்கவில்லை. இன்னும் பத்து நொடி. பின்னால் நின்ற பெண் அவள் முதுகைத் தட்டினாள்.

"தெரியுதா?"

"தெரியல மிஸ்."

போர்டில் எழுதிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். அந்த வார்த்தையை அந்த வகுப்பில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

"என்ன தெரியல?"

"செல் தெரியல மிஸ். மஞ்சளா, புகை மாதிரி தெரியுது. வேற ஒண்ணும் இல்ல மிஸ்."

"நல்லாப் பாரு."

மறுபடியும் குனிந்தாள். திருகைத் தொடப் போனாள். "கையை எடு" என்றேன். எடுத்தாள். "தெரியல மிஸ்" என்றாள், அழாமல், வீம்பும் இல்லாமல், மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இத்தனை பேருக்குத் தெரியுது, உனக்கு மட்டும் தெரியல. உனக்குன்னு தனியா ஒரு வெங்காயம் விளைய வைக்கணுமா?"

வகுப்பு சிரித்தது. அது போதாது எனக்கு.

"புகையா இருக்காம். உங்கம்மாவை மாப்பை எடுத்துகிட்டு வரச் சொல்லட்டுமா? வந்து துடைச்சிக் குடுப்பாங்க, மகாராணி பாக்கறதுக்கு."

இப்போது வகுப்பு மேஜையைத் தட்டிச் சிரித்தது. அவள் அம்மா அப்போது வராந்தாவில்தான் இருந்தாள். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டிருக்கும். நான் பார்த்தேன். மிஸ் ஏதோ ஜோக் சொல்லியிருக்கிறார் என்று மரியாதைக்கு அவளும் சிரித்தாள், மாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. மகள் அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவளை மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்தேன். மீதி வரிசை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொல்ல வேண்டும் என்றேன். "தெரியுது" என்று ஒவ்வொருவராக அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுடைய பெஞ்ச்காரியும் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

வரிசை முடிந்ததும் அவளையும் பெஞ்சுக்கு அனுப்பினேன். ரெக்கார்ட் நோட்டை வாங்கிப் பார்த்தபோது அவள் போர்டில் இருந்த படத்தை வரைந்திருக்கவில்லை. காம்பஸ் வைத்து ஒரு வட்டம் போட்டு, உள்ளே கலர் பென்சிலால் மங்கலாக மஞ்சள் தீட்டியிருந்தாள். கீழே, செல்கள் தெரியவில்லை என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். நான் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, முட்டை போட்டு, அவளை வராந்தாவில் போய் நிற்கச் சொன்னேன்.

மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பிடப் போனார்கள். நான் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எதற்காகப் பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் சொன்ன விதம் காதில் நின்றிருக்கலாம். குனிந்து கண்ணை வைத்தேன்.

மஞ்சளாக இருந்தது. புகை மாதிரி.

திருகைத் திருகினேன். மேலே ஏற்றினேன், கீழே இறக்கினேன். மஞ்சள்தான். குழாயை முழுக்க உயர்த்திவிட்டு அடியில் எட்டிப் பார்த்தேன். ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி லென்ஸின் நட்ட நடுவில், சுண்டைக்காய் விதை அளவுக்கு, சந்தனமும் அதன் மேல் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு லென்ஸிலும் அப்படியே.

நாற்பது பிள்ளைகள் ஒரு சந்தனப் பொட்டுக்குள் நியூக்ளியஸைப் பார்த்திருக்கிறார்கள்.

அதே நேரம் ஆயாம்மா தட்டும் வெங்காயத் தோலும் எடுக்க உள்ளே வந்தாள். நான் கேட்டேன்.

"இதுல யார் பொட்டு வெச்சது?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் மிஸ். பெட்டிக்கு மட்டும் வெச்சிட்டு வுட்றலாம்னு அந்தக் கீழ் ஆயா சொல்லிச்சி. நான் வுடல. எம் பொண்ணு பாக்கப் போற மிசினாச்சே. மேல வெச்சா புள்ளைங்க கண்ணுல ஒட்டிக்கும், அதான் கீழ வெச்சேன். அதுங்கதான மிஸ் அதோட கண்ணு? நல்லா நடுவுலயே வெச்சேன்." கொஞ்சம் நின்று, "ஏன் மிஸ், தப்பா?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. நீங்க தட்டைக் கொண்டுபோய் வையுங்க, பெட்டிக்கு அப்புறமா வாங்க."

அவள் போனாள். நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு லென்ஸையும் துடைத்தேன். மறுபடி கண்ணை வைத்துத் திருகினேன். எத்தனையோ வருஷம் கழித்துப் பார்க்கிறேன். இளஞ்சிவப்பில் வரிசை வரிசையாகச் செல்கள், ஒன்றோடொன்று நெருங்கி, ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒதுங்கிய ஒரு கரும்புள்ளி. நான் போர்டில் போடும் செங்கல் சுவர் இதற்குக் கிட்டத்தில்கூட வராது. ரொம்ப அழகாக இருந்தது.

தலையை நிமிர்த்தினால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், வராந்தாவில் மகள் நிற்கிறாள். பத்தடி தூரம். 'இங்க வா' என்ற இரண்டு வார்த்தை போதும். நான் கூப்பிடவில்லை.

ஆயாம்மாவைக் காப்பாற்றத்தான் கூப்பிடவில்லை என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். லென்ஸைக் கெடுத்தாள் என்று தெரிந்தால் கரஸ்பாண்டன்ட் அவளை வேலையை விட்டு அனுப்பியிருப்பார், மகளின் படிப்பும் போயிருக்கும். அவர் செய்யக்கூடியவர்தான். ஆனால் என் காரணம் அது இல்லை. கூப்பிட்டால், அந்தப் பெண் சொன்னது சரி என்றாகும். நாற்பது பிள்ளைகள் எனக்குப் பயந்து பொய் சொன்னார்கள் என்றாகும். நான் பார்க்காமலேயே பாடம் நடத்துகிறேன் என்றாகும். அந்த நிமிஷம் எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஏன்டி உனக்கு மட்டும் தெரியாமல் போச்சு என்ற கோபம்.

நான் மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துக் கொக்கியைப் போடும்போது அவள் கதவருகே வந்து நின்றாள்.

"மிஸ், இன்னொரு தடவை பாக்கலாமா மிஸ்? இப்ப வெளிச்சம் நல்லா இருக்கு."

லென்ஸ் சுத்தமாக இருந்தது. ஸ்லைடு இன்னும் காயவில்லை. ஒரு நிமிஷ வேலை.

"பெட்டி பூட்டியாச்சு" என்றேன். "போய்ச் சாப்பிடு."

அதற்குப் பிறகு அவள் என் வகுப்பில் கேள்வி கேட்கவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன்.

மார்ச்சில் லிஸ்ட் போட உட்கார்ந்தோம். கரஸ்பாண்டன்ட் கூடுவாஞ்சேரியில் இரண்டாவது பள்ளி கட்டிக்கொண்டிருந்த சமயம், அட்மிஷனுக்கு ரிசல்ட்தான் மூலதனம். அனுப்ப வேண்டியவர்களில் மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவதாக ஒருவர் வேண்டும். ஒரு ரியல் எஸ்டேட்காரரின் மகன் எல்லாப் பாடத்திலும் பூஜ்யம். ஆனால் அவன் அப்பா புதுப் பள்ளிக்கு நிலம் முடித்துக் கொடுத்தவர், அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை. கணக்கு சார் ஆயாம்மா மகளின் பெயரைச் சொன்னார். பிரின்ஸ்பல் இழுத்தார். "சயின்ஸ்ல நல்லா வர்ற பொண்ணுன்னு கேள்விப்பட்டேனே" என்று என்னைப் பார்த்தார்.

மேஜையில் ரெக்கார்ட் நோட்டுகள் இருந்தன. கரஸ்பாண்டன்ட் அவளுடையதை எடுத்துப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்தது.

"இன்னாம்மா இது? எல்லாம் படம் போட்டுகீது, இது வெறும் மஞ்சளைத் தடவி வெச்சிகீது?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நல்லாப் படிக்கிற பொண்ணு சார், இருக்கட்டும் என்று நான் சொன்னால் இருந்திருப்பாள். அந்த அளவுக்கு என் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

"அப்சர்வேஷன் பத்தாது சார்" என்றேன்.

அவர் நோட்டை மூடி, அனுப்ப வேண்டிய மூன்று பேரின் நோட்டுகளோடு வைத்தார். அவள் இருந்தால் அந்தப் பக்கத்தை யாராவது ஒரு நாள் கேட்பார்கள், அவள் ஒரு நாள் வேறு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள், அன்றைக்கு அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. அந்தப் பயம் அன்றைக்குத்தான் போனது.

ஏப்ரலில் அம்மாவையும் மகளையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லும் வேலை கிளாஸ் டீச்சராகிய எனக்கே வந்தது. ஆயாம்மா கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்து நின்றாள். நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் என் கையைப் பிடிக்க வந்து, தன் கை ஈரமாக இருப்பதைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

"இன்னா மிஸ் இப்டி சொல்றீங்க? கணக்குக்கு டியூசன் வெக்கிறேன் மிஸ். சயின்ஸு நல்லாத்தான மிஸ் படிக்கும்?"

"ப்ராக்டிகல்ல மார்க் இல்ல ஆயாம்மா."

"அந்த மிசினா மிஸ்? தெரிலன்னு சொல்லிச்சே, அதுக்கா?"

நான் ஸ்டாம்ப் பேடை நகர்த்தி வைத்தேன். அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"அத்தினி பேரு தெரியுதுன்னாங்க இல்ல? உனக்கு இன்னாடி கேடு? நீயும் தெரியுதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

"தெரியலம்மா. நெஜமாத் தெரியல."

பளார் என்று அறைந்தாள். என் கண் முன்னாலேயே. "சொல்லு" என்றாள். மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு அறை. "மிஸ்ஸாண்ட சொல்லுடி! தெரியுதுன்னு சொல்லு!" மூன்றாவது அறை காதோடு சேர்த்து விழுந்தது. ஆபீஸ் கிளார்க் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. வாயைத் திறந்து, பொட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கை நின்றிருக்கும்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் மைக்ராஸ்கோப் இல்லை, வெங்காயம் இல்லை. மேஜையும் ஒரு ஸ்டாம்ப் பேடும்தான் இருந்தன.

"தெரியுது மிஸ்" என்றாள்.

"இப்ப சொல்லுது பாருங்க மிஸ்!" என்று ஆயாம்மா என் முகத்தைப் பார்த்தாள், அதில் ஏதோ மாறிவிடும் என்பதுபோல.

அவளுக்கு எழுதத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவாள். அதனால் லெட்டரை மகளையே எழுதச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். சொந்தக் காரணங்களுக்காக என் மகளை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன். விரல் தடம் பதிந்த கன்னத்தோடு, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினாள். ஆயாம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அன்றைக்கு இன்னும் நாலு வகுப்பறை பாக்கி இருந்தது.

அவள் வேலையை விடவில்லை, விட முடியாது. மகள் அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். நன்றாகப் பாஸ் செய்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் என் மனசு கொஞ்சம் லேசானது. அதைக்கூட எனக்கு அதிக நாள் வைத்துக்கொள்ளக் கொடுத்துவைக்கவில்லை.

இந்த வருஷ ஆயுத பூஜை அன்று ஆயாம்மா சந்தனக் கிண்ணத்தோடு பிரின்ஸ்பல் அறைக்கு வந்தாள். மைக்ராஸ்கோப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு வருஷமாகவே, பூஜை முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் அந்த லென்ஸைத் துடைத்து வைப்பது நான்தான். இந்தத் தடவை எப்படியாவது சொல்லிவிடுவது என்று நின்றேன்.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று ஆரம்பித்தேன்.

"ப்ளஸ் டூ மிஸ். காமர்ஸ் எடுத்துகிச்சி. அந்த ஸ்கூல் சாரு சயின்ஸு எடுன்னு எவ்ளோ சொன்னாரு. வேணாம்னுடுச்சி. 'எனக்குக் கண்ணு சரியில்லமா, மத்தவங்களுக்குத் தெரியறது எனக்குத் தெரியாது'ன்னு சொல்லுது. கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். டாக்டரு கண்ணு நல்லாத்தான் கீதுன்றாரு. இது நம்ப மாட்டேங்குது மிஸ்."

அவள் விரலில் சந்தனத்தைத் தொட்டு, குழாயைச் சாய்த்து, அடியில் குனிந்தாள்.

"ஆயாம்மா, கண்ணாடியில வெக்காதீங்க."

"ஏன் மிஸ்?" நிமிர்ந்து பார்த்தாள். "வெச்சா இன்னா ஆவும்?"

பதில் என் வாயில் இருந்தது. ஊருக்கெல்லாம் பதில் வைத்திருந்த வாய். சொன்னால், மகளின் கண்ணை மறைத்தது யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, அதை அன்றைக்கே பார்த்துத் துடைத்தது யார், ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். மகளை அறைந்த மூன்று அறையையும் எண்ணிப் பார்ப்பாள்.

"சும்மாதான் சொன்னேன்" என்றேன். "வைங்க."

"எம் பொண்ணுக்குத்தான் குடுத்து வெக்கல" என்று சொல்லிக்கொண்டே அவள் மறுபடி குனிந்தாள். "மத்த புள்ளைங்களுக்காச்சும் நல்லாத் தெரியட்டும் மிஸ்."

நட்ட நடுவில் பொட்டை வைத்தாள்.